சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குகிறார்கள்?

படுக்கையறையில் டி.வி மாட்டப் போகிறீர்களா? ட்ரில்லிங் மெஷினை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்!

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் வரும் சாலையில், உப்பளங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. கிழக்கு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, காற்று மட்டும் வரும். அந்தக் காற்றோடு வரும் உப்பு, கேட் கீலிலிருந்து கேஸ் அடுப்பு வரை எல்லாவற்றையும் தின்றுவிடும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சென்ற ஆண்டு என் மாமியார் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நாலு நடை நடக்கலாம், மற்ற நேரமெல்லாம் கட்டில்தான். அத்தை எதையும் வாய்விட்டுக் கேட்பவர் இல்லை. ஒருநாள் ராத்திரி பால் தம்ளரை எடுக்கப் போனபோது மெதுவாகச் சொன்னார்: "ஹால்ல சீரியல் ஓடுது. யாரோ அழுறாங்கன்னு தெரியுது. யாரு, எதுக்குன்னுதான் ஒண்ணும் புரியல."

அவ்வளவுதான். மறுநாளே பரணில் கிடந்த 32 இன்ச் டி.வியை இறக்கித் துடைத்தோம். தெரிந்த எலெக்ட்ரீஷியன் தம்பி ஒரு விடுமுறை நாளில் வந்தார். படுக்கையறையின் வடக்குச் சுவரில் பில்டரே டி.வி பாயின்ட் வைத்திருந்தார். அதற்கு மேலே குறி போட்டு மெஷினை வைத்து அழுத்தினார். பத்து விநாடிகூட ஆகியிருக்காது, கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டு அக்கா. கோபம் இல்லை, கெஞ்சல்தான். "தப்பா நெனச்சிக்காதம்மா. அவரு இப்பதான் கண்ண மூடுனாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பிக் கடலுக்குப் போவணும்."

அப்போது மணி மதியம் இரண்டரை. மூன்று வருடமாக ஒரே சுவரின் இரு பக்கமும் குடியிருக்கிறோம். அந்தச் சுவரில் தலையை வைத்து ஒருவர் மதியத்தில்தான் தூங்குகிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். விடிகாலையில் போட்டில் போய், காலையில் கரையேறி, மீனை ஏலத்தில் விட்டு, வலையைப் பார்த்து, சாப்பிட்டுப் படுக்கிறவர். சாயங்காலம் ஏழரை, எட்டுக்கு மறுபடி படுக்கை. இந்த இரண்டு துண்டுத் தூக்கம்தான் அவருக்கு. அந்தத் தூக்கத்தில் குறை வைத்தால், ஃபைபர் போட்டில் இருட்டில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கண் அசரும்.

தம்பியை அனுப்பிவிட்டேன். சுவரில் ஒரு அரைகுறை ஓட்டை மட்டும் மிச்சம்.

டி.விக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்போது எதிரியானார்கள்?

1975 ஆகஸ்ட் 15-ம் தேதி சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, டி.வி இருக்கும் வீடு தெருவுக்கே பொது. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நேரத்தில் ஹாலில் பாய் விரித்திருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைப்பதுதான் மரியாதை. சாலிடேர், டயனோரா பெட்டிகள் மரக்கதவோடு ஹாலின் நடுவே சாமி மாதிரி உட்கார்ந்திருந்தன. 2006-ல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு வீட்டுக்கு ஒன்று வந்தது. அந்த 14 இன்ச் பெட்டியும் முன்னும் பின்னும் கனமானதுதான், ஸ்டாண்ட் இல்லாமல் நிற்காது.

பெட்டி தட்டையான பிறகுதான் சுவரேறியது. சுவரேறிய டி.வி ஹாலிலிருந்து படுக்கையறைக்கும் போனது. படுக்கையறை என்பது எப்படியும் இன்னொருவரின் படுக்கையறையை ஒட்டித்தான் இருக்கும். அடுக்குமாடி வரைபடங்களைப் பாருங்கள், பல இடங்களில் அந்த வீட்டுக் கட்டிலும் இந்த வீட்டுக் கட்டிலும் ஒரே சுவரின் இரு பக்கம்.

எந்தச் சுவர்?

தம்பி போன பிறகு அறையின் நடுவில் நின்று நான்கு சுவரையும் பார்த்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

வடக்கே பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். தெற்கே எங்கள் ஹால். கிழக்கே ஜன்னல். மேற்கே அலமாரியும் குளியலறையும். டி.வியால் பக்கத்து வீட்டுக்குத் தொல்லை வரக் கூடாது என்றால் முதல் விதி ரொம்ப எளிது: பொதுச் சுவரைத் தவிர வேறு எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். டி.வி பாயின்ட் அங்கேதான் இருக்கிறது என்பது ஒரு காரணமே இல்லை. கேசிங் பட்டி வைத்து ஒயரை இன்னொரு சுவருக்குக் கொண்டுபோவது ஒரு மணி நேர வேலை.

இதற்குக் காரணம் இருக்கிறது. சத்தம் சுவரைக் கடப்பது இரண்டு வழியில். ஒன்று, காற்றில் வந்து மோதும் சத்தம் சுவரையே லேசாக அதிரவைத்து அந்தப் பக்கம் போவது. இன்னொன்று, சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் அதிர்வு நேராகக் கட்டடத்துக்குள் இறங்குவது. பல தட்டை டி.விகளில் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலேயோ பார்த்தபடி இருக்கும். பொதுச் சுவரில் மாட்டினால், டி.வி உங்களிடம் பேசுவதற்கு முன்பே இரண்டு இன்ச் தள்ளி இருக்கும் சுவரிடம் பேசிவிடுகிறது.

அப்படியானால் தெற்குச் சுவர், அதாவது எங்கள் ஹால் பக்கம்? அறிவியல்படி அதுதான் சிறந்தது. ஆனால், தெற்கே பார்த்துப் படுத்தால் தலை வடக்கே வரும். அத்தையிடம் சொன்னேன். "எலும்பு முறிஞ்சதுக்கே இந்தப் பாடு. வடக்க தல வெச்சுப் படுத்து மிச்சத்தையும் முடிச்சுடலாம்னு பாக்குறியா?" என்றார். எழுபத்தெட்டு வயதுக்காரரிடம் வாக்குவாதம் செய்ய நான் தயாராக இல்லை. தலை கிழக்கே, பார்வை மேற்கே, டி.வி அலமாரிக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவிலிருக்கும் மூன்றடிச் சுவரில் என்று முடிவானது. முப்பத்திரண்டு இன்ச் டி.வியின் அகலம் கிட்டத்தட்ட இரண்டேகால் அடிதான். தாராளமாக நின்றது.

குளியலறைச் சுவரில் ட்ரில் போடுவதில் வேறு ஆபத்து உண்டு. உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடும், மறுபக்கம் டைல்ஸ் இருக்கும். குழாய் பொதுவாகத் திருகுக்கும் ஷவருக்கும் நேர் மேலேயோ, அவற்றை இணைக்கும் நேர்கோட்டிலோதான் ஓடும். அந்தப் பக்கம் போய்த் திருகு இருக்கும் இடத்தை டேப்பால் அளந்து, இந்தப் பக்கம் பென்சிலால் குறித்துக்கொண்டோம். மின் ஒயருக்கும் இதே கணக்குத்தான். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும், நேர் கீழேயும், நேர் பக்கத்திலும் ஓட்டை போடவே கூடாது. வீடு கட்டும்போது பூச்சுக்கு முன்னால் செல்போனில் நாலு படம் எடுத்து வைத்தவர்கள் புண்ணியவான்கள்.

உயரத்துக்கு ஒரு சின்ன யோசனை. டி.வி அளவுக்கு நியூஸ் பேப்பரை வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். படுத்துப் பார்க்கப் போகிறவரைப் படுக்க வைத்து, "கழுத்து வலிக்குதா?" என்று கேளுங்கள். ஹாலில் உட்கார்ந்து பார்க்கும் உயரம் வேறு, தலையணையில் சாய்ந்து பார்க்கும் உயரம் வேறு. எங்கள் வீட்டுப் பேப்பர் மூன்று முறை இடம் மாறியது. பேப்பரை மாற்றச் சத்தம் வராது!

எப்போது?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். ஒலி மாசு விதிகள் நம் நாட்டில் 2000-ம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு என்றால் 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. 2010-ல் வந்த திருத்தம், குடியிருப்புப் பகுதிகளில் இரவில் சத்தம் எழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கத் தடை போட்டது. சொந்த வீட்டில் ஓடும் ஒலிக்கருவியின் சத்தம்கூட, வீட்டு எல்லையில் அந்தப் பகுதியின் வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரைச்சல் பற்றி விரிவாக ஒரு தீர்ப்பு தந்தது. அக்கம்பக்கத்தில் அலறிய பாட்டுச் சத்தத்தால் ஒரு சிறுமியின் கூக்குரல் யாருக்கும் கேட்காமல் போன கொடுமையை முன்வைத்துத் தொடரப்பட்ட வழக்கு அது. நம் வீட்டுக்குள் நாம் வைக்கும் சத்தம் நம்முடைய உரிமை என்று சொல்லிக்கொண்டு, கேட்க விரும்பாதவர் காதில் அதைத் திணிக்க முடியாது என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மதியம் இரண்டரைக்கு ட்ரில் போட்ட என் மேல் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுபவர்களுக்காக எழுதிய விதி அது. கோவளத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஒரு பக்கம் விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள். இன்னொரு பக்கம் சிறுசேரி ஐ.டி பூங்காவுக்கு ராத்திரி ஷிஃப்ட் போகிறவர்கள். ஓட்டல் வேலைக்காரர்கள், செக்யூரிட்டிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள்.

எனவே ஒருநாள் சாயங்காலம் எங்கள் பிளாக்கில் மேலே, கீழே, பக்கத்தில் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன்: "நீங்க எப்பத் தூங்குவீங்க?" முதலில் விநோதமாகப் பார்த்தார்கள். கீழ் வீட்டுப் பெண் அமெரிக்க ஷிஃப்ட். கேப் வந்து இறக்கிவிடும்போது விடிகாலை நாலு, எழுவது பன்னிரண்டு. மேல் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை. "எப்பத் தூங்கும்னு அதுக்கே தெரியாது ஆன்ட்டி, நீங்க எப்ப வேணா போடுங்க" என்றார் அந்த அம்மா. பக்கத்து வீட்டு அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வரும்வரை கரையில்தான்.

எல்லோரும் விழித்திருக்கும் நேரம் என்று பார்த்தால் மதியம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை. அந்த ஒரு மணி நேரத்தை யாரிடமும் கேட்காமல் நான் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

அடுத்த நாள் லிஃப்ட் பக்கத்தில் ஒரு பேப்பர் ஒட்டினேன். வீட்டு எண், தேதி, நேரம், "நாலே ஓட்டைதான்" என்ற உறுதிமொழி. அந்தக் கடைசி வரிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ட்ரில் சத்தத்தில் எரிச்சலே, அது எப்போது முடியும் என்று தெரியாததுதான்.

நாலு ஓட்டை, ஆறு நிமிடம்

சுவர் எதனால் ஆனது என்பதை ட்ரில் கொட்டும் தூள் சொல்லிவிடும். செம்மண் நிறத்தில் கொட்டினால் செங்கல். சாம்பல் நிறத்தில் சுலபமாகக் கொட்டினால் ஃபிளை ஆஷ் கல். வெள்ளை மாவு மாதிரி கொட்டினால் எடை குறைந்த ஏ.ஏ.சி பிளாக். மெஷின் கத்துகிறது, தூளே வரவில்லை என்றால் கான்கிரீட்.

ஒவ்வொன்றுக்கும் முறை வேறு. நல்ல கார்பைடு பிட் இருந்தால் செங்கல் சுவரில் 'ஹேமர்' பட்டனைப் போடாமலேகூட மெதுவாக இறக்கிவிடலாம். சத்தம் பாதியாகக் குறையும். ஏ.ஏ.சி பிளாக்கில் ஹேமர் போட்டால் ஓட்டை பெரிதாகிப் பிளக் ஆடும், அங்கே சுழல்வது மட்டுமே போதும். அதற்கென்று விற்கும் நீளமான பிளக்கும் வேண்டும். கான்கிரீட்டில் கதை தலைகீழ். ஓ.எம்.ஆர் பக்கம் இப்போது எழும் பல உயர்ந்த கட்டடங்களில் அலுமினிய ஷட்டரிங் வைத்துச் சுவர் முழுவதையும் கான்கிரீட்டாகவே வார்க்கிறார்கள். அதில் சாதாரண ட்ரில்லை வைத்தால் ஒரு ஓட்டைக்குப் பத்து நிமிடம் அலறும், அந்த அலறல் ஐந்து மாடிக்கும் எலும்பு வழியாகப் போவதுபோலப் போகும். ரோட்டரி ஹேமர் என்ற கனமான மெஷின் அதே வேலையைச் சில விநாடிகளில் முடித்துவிடும். வாடகைக்குக் கிடைக்கிறது. பெரிய மெஷின் அதிகச் சத்தம் போடுமே என்று பயந்து சின்ன மெஷினோடு மல்லுக்கட்டுவது பக்கத்து வீட்டுக்குச் செய்யும் துரோகம். மழுங்கிய பிட்டும் அப்படித்தான். நூறு ரூபாய்க்கு ஒரு புது பிட் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் குளியலறைச் சுவர் நாலரை இன்ச் செங்கல். இங்கேதான் ஆழம் முக்கியம். மேலே இருக்கும் பூச்சு ஒரு சென்டிமீட்டரோ இரண்டோ இருக்கும், அது எடை தாங்காது. பிளக் அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும். ஆனால், வேகத்தில் அழுத்தினால் நாலரை இன்ச் சுவரில் பிட் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்துவிடும். எங்களுக்கு டைல்ஸ் போயிருக்கும். அதுவே பொதுச் சுவராக இருந்தால் பக்கத்து வீட்டுப் பூச்சு பெயர்ந்து அவர்கள் கட்டிலில் விழும். தம்பி பிட்டில் இரண்டரை இன்ச் அளவில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். டேப் சுவரைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

சுவருக்குள் போகும் இந்தப் பிளக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1910-களில் லண்டனில் ஜான் ரௌலிங்ஸ் என்ற கான்ட்ராக்டர், பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைப் பாழாக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டும் என்ற கட்டாயத்தில் யோசித்தது. நார்க்கட்டையில் ஆரம்பித்து இன்று நைலானில் வந்து நிற்கிறது. அதுவரை சுவரைக் கொத்தி மரக்கட்டையை அடித்துச் சொருகுவார்கள். அந்தச் சுத்தியல் சத்தத்தோடு ஒப்பிட்டால் நம் ட்ரில் தேவலை.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டி.வி ஸ்டாண்டோடு வரும் பளபளப்பான ஸ்க்ரூவை நம்பாதீர்கள். எங்கள் பால்கனியில் கொடிக் கம்பி கட்டிய ஸ்க்ரூ இரண்டே மழைக்காலத்தில் இற்றுப்போய்த் தலை தனியாக வந்துவிட்டது. கடையில் 'எஸ்.எஸ் ஸ்க்ரூ' என்று கேட்டு வாங்குங்கள். 304 தரம் போதும், கடலுக்கு ரொம்பப் பக்கம் என்றால் 316. டி.வியின் முதுகில் இருக்கும் நான்கு துளைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளந்து, 100-க்கு 100 மில்லிமீட்டரா, 200-க்கு 200-ஆ என்று பார்த்துத்தான் ஸ்டாண்ட் வாங்க வேண்டும். அந்தத் துளைகளில் நீளமான போல்ட்டைத் திருகினால் உள்ளே போய்ப் பலகையைக் குத்திவிடும், ஜாக்கிரதை.

பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஆரம்பித்தோம். ஓட்டைக்குக் கீழே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரை ஒட்டித் தூளைப் பிடித்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்து, நாலு ஓட்டை. நான் கடிகாரம் பார்த்தேன், மெஷின் ஓடிய நேரம் மொத்தம் ஆறு நிமிடம்கூட இல்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வைபவமே வேண்டாம். சக்கரம் வைத்த தரை ஸ்டாண்ட் கிடைக்கிறது. சுவரைத் தொடுவதே இல்லை, ஹவுஸ் ஓனரும் முறைக்க மாட்டார்.

பிரச்னை ட்ரில் இல்லை

ஆறு நிமிட ட்ரில் ஒருநாள் தொல்லை. டி.வி தினம் தினம் ஓடும். இது எனக்கு இரண்டாவது வாரம்தான் உறைத்தது.

கீழ் வீட்டுப் பெண் லிஃப்ட்டில் பார்த்துச் சிரித்தாள். "ஆன்ட்டி, இன்னிக்கு மேஷ ராசிக்குப் பண வரவாம். மீன ராசிதான் கொஞ்சம் கவனமா இருக்கணுமாம்." எனக்குப் புரியவில்லை. "தினம் ஆறு மணிக்கு உங்க டி.வி எங்க பாத்ரூம்ல கேக்குது. பன்னெண்டு ராசியும் எனக்கு மனப்பாடம்."

பக்கத்து வீட்டுச் சுவரைக் காப்பாற்றிய நான் டக்டை மறந்துவிட்டேன். குளியலறை வென்டிலேட்டர்கள் எல்லாம் திறப்பது மேலிருந்து கீழ்வரை ஓடும் ஒரே டக்டில். டி.வி குளியலறைக் கதவை ஒட்டி இருக்கிறது. அத்தைக்கு வசதியாக இருக்கட்டும் என்று அந்தக் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். சத்தம் சுவரை உடைத்துக்கொண்டு போகவில்லை, திறந்த கதவு வழியாக நடந்தே போயிருக்கிறது. படுக்கையறையில் டி.வி வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரி ஒரு சோதனை செய்து பாருங்கள். டி.வியை ஓடவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்துங்கள், வென்டிலேட்டரை மூடுங்கள். ஏ.சி பைப் போகும் ஓட்டையைச் சுற்றி இடைவெளி இருந்தால் எம்-சீல் வைத்து அடையுங்கள். காற்று போகும் சந்து எல்லாம் சத்தம் போகும் சந்து.

முட்டை அட்டை, தெர்மாகோல், ஸ்பாஞ்ச் ஷீட் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். சத்தத்தைத் தடுப்பது எடையும் சந்தில்லாத அடைப்பும். துணி நிறைந்த பீரோவைப் பொதுச் சுவரை ஒட்டி நிறுத்தினால் தெர்மாகோலைவிட நிச்சயம் பலன் உண்டு.

ஆனால், இதெல்லாம் செய்தும் அத்தையின் வால்யூம் 38-ல்தான் நின்றது. குறைத்தால் "ஒண்ணும் கேக்கல" என்பார். காது மருத்துவரிடம் கூட்டிப்போனபோதுதான் விஷயம் விளங்கியது. வயதாகும்போது முதலில் போவது கீச்சுக் குரல் பக்கத்துச் சத்தம். ஸ, ஷ, ச, த, க போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் 'யாரோ அழுறது' கேட்கிறது, என்ன சொல்லி அழுகிறார்கள் என்பது புரிவதில்லை. வால்யூமைக் கூட்டினால் கூடுவது பெரும்பாலும் 'தும் தும்' என்ற பின்னணி இசை. சுவரை மிகச் சுலபமாகக் கடப்பதும் அந்தக் கனமான சத்தம்தான். ஆக, அத்தைக்குப் பயன்படாத சத்தத்தை எல்லாம் ஒன்று சேர்த்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

முதலில் செட்டிங்ஸில் புகுந்தேன். 'பேஸ்' குறைத்தேன். 'கிளியர் வாய்ஸ்', 'ஸ்பீச்', 'நைட் மோட்' என்று டி.விக்கு டி.வி ஒரு பெயரில் இருக்கும் வசதிகளைப் போட்டேன். விளம்பரம் வந்ததும் திடீரென்று கத்துவதை 'ஆட்டோ வால்யூம்' ஓரளவு அடக்கியது. (விளம்பரச் சத்தம் அளவுக்கு மீறக் கூடாது என்று கேபிள் டி.வி விதிகளிலேயே இருக்கிறது. விளம்பரம் எடுப்பவர்களுக்கு அது தெரியுமா என்பது வேறு கேள்வி.) வால்யூம் 38-லிருந்து 27-க்கு வந்தது.

ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். "தலையில கொக்கி மாட்டுன மாதிரி இருக்கு" என்று இரண்டே நாளில் கழற்றிவிட்டார். கடைசியில் கைகொடுத்தது உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்று. டி.வி ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, அதைத் தலையணை பக்கத்தில் வைத்தோம். பத்தடி தள்ளிப் பேசுபவர் காதருகே வந்து பேசினால் கத்த வேண்டியதில்லையே. ப்ளூடூத்தில் வாயசைவும் குரலும் கொஞ்சம் முன்பின்னாக வந்தது. 'ஆடியோ டிலே' என்ற செட்டிங்கைத் திருகிப் பார்த்தும் சரிவரவில்லை. டி.வியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்ததும் பிரச்னை முடிந்தது.

இப்போது நான் ஹாலில் இருந்தால் அத்தை அறையில் டி.வி ஓடுகிறதா என்றே தெரியவில்லை. எட்டிப் பார்த்தால் திரையில் யாரோ அழுகிறார்கள், அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கீழ் வீட்டுப் பெண்ணிடம் ராசிபலன் கேட்டேன். "ஒரு வாரமா தெரியல ஆன்ட்டி" என்றாள். அத்தைக்குக் காதுக்கருவி அளவெடுத்திருக்கிறோம். வந்த பிறகு ஸ்பீக்கரும் தேவைப்படாமல் போகலாம்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா சங்கரா மீன் கொண்டுவந்து கொடுத்தார். வாசலிலேயே நின்று, "ஏம்மா, ட்ரில்லு எப்பப் போடப் போற? அவரு வீட்டுல இருக்க நேரமா பாத்துடாத" என்றார். டி.வி மாட்டி இரண்டு மாதம் ஆகிறது என்றதும் நம்பவில்லை. உள்ளே அழைத்துப்போய்க் காட்டினேன். சீரியல் நேரம். அத்தை, "வா, உக்காரு, இவதான் மூத்தவ" என்று கட்டில் ஓரத்தைக் காட்டினார். அக்கா உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அத்தை குரல் கொடுத்தார்:

"ஏம்மா, சத்தத்த ரெண்டு கூட்டி வையேன். இவளுக்குக் கேக்கலையாம்."